அட்டை இல்லாத பஞ்சதந்திரங்கள்

என் அலமாரியில் இருக்கிற புத்தகங்களில் பெரும்பாலானவற்றுக்கு அட்டை கிடையாது. பலவற்றுக்கு முகப்புப் பக்கம் இல்லை. சிலவற்றில் கடைசிக் கதை பாதியில் நிற்கும். எல்லாமே பள்ளிக்கூடப் பிள்ளைகள் படித்துப் படித்துக் கிழித்த கதைப் புத்தகங்கள். பஞ்சதந்திரம், கதாமஞ்சரி, பரமார்த்த குரு கதை, ஈசாப் நீதிக்கதைகள், இவற்றிலிருந்து பொறுக்கியெடுத்துச் சேர்த்த வாசக புத்தகங்கள்.

சங்க நூல்களின் முதல் பதிப்பைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. பழைய நாவல்களுக்கு விலை பேசுகிறவர்களும் உண்டு. நாலாம் வகுப்புப் பிள்ளை மசி கொட்டிய கதைப் புத்தகத்தை யாரும் கேட்டு வருவதில்லை. கேட்கிறவன் நான்.

நான் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்தவன். ஈய எழுத்துகளைக் கேஸிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஸ்டிக்கில் அடுக்கி, கேலியில் இறக்கி, பாரம் முடுக்கி, புரூப் எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஆஃப்செட் வந்து அந்தத் தொழில் ஓய்ந்த பிறகும் கண்ணை விட்டு அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு பக்கத்தைப் பார்த்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு முன்னால், அதை எப்படிக் கோத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரியும். அந்தக் கண்ணோடு இந்தப் புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வந்ததில் ஒன்று உறுதியாகிவிட்டது. ஒரு தலைமுறை தன் பிள்ளைகளை என்னவாக ஆக்க நினைத்தது என்று தெரிய வேண்டுமா? அந்தத் தலைமுறையின் பாடப்புத்தகத்தில் நரிக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்தால் போதும்.

திண்ணையிலிருந்து தாளுக்கு

அச்சுப் புத்தகம் பரவுவதற்கு முன்னால் நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் உரைநடைக் கதை பாடமாக இருந்ததில்லை. பிள்ளை மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலைக்கு வரும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, நிகண்டு, கணக்குக்கு எண்சுவடி. எல்லாம் மனப்பாடம். சட்டாம்பிள்ளை முறை சொல்ல மற்றப் பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். கதை என்பது வீட்டில் பாட்டியிடமும், கோயிலில் புராணம் படிப்பவரிடமும், கூத்து மேடையிலும் இருந்தது. பஞ்சதந்திரமும் தமிழுக்குப் புதிதில்லை. வீரமார்த்தாண்ட தேவர் அதை முன்பே செய்யுளாகப் பாடியிருக்கிறார். ஆனால் ஒரு பிள்ளை புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, செய்யுள் அல்லாத ஒரு கதையைத் தானே பார்த்துப் படிப்பது அச்சு கொண்டுவந்த பழக்கம்.

அதற்கு ஓர் ஆரம்பம் காவிரிக்கரையில் நடந்தது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் அரண்மனையிலேயே ஓர் அச்சுக்கூடம் வைத்திருந்தார். அங்கே 1806-இல் 'பாலபோத முக்தாவளி' என்ற நூல் தேவநாகரி எழுத்தில் அச்சானது. ஈசாப்பின் கதைகளைச் சக்கண பண்டிதர் மராத்தியில் பெயர்த்த நூல் அது. மன்னர் குடும்பத்தின் மொழி மராத்தி, ஆகவே புத்தகமும் மராத்தி. கிரேக்கத்து நரியும் காக்கையும் நம் மண்ணில் முதலில் அச்சேறியது இப்படி. தமிழ் எழுத்தில் கதைப்பாடம் வரச் சென்னையில் இன்னொரு தேவை எழ வேண்டியிருந்தது.

கோட்டைக் கல்லூரியின் தேவை

1812-இல் சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. அதன் உயிராக இருந்தவர் எல்லிஸ் துரை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கும் இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் மற்றத் தென்னிந்திய மொழிகளும் கற்றுக் கொடுப்பது அதன் வேலை. அவர்கள் நாளைக்குக் கலெக்டர்களாக, நீதிபதிகளாக உட்காரப் போகிறவர்கள். மனு வாங்க வேண்டும், சாட்சி சொல்வது புரிய வேண்டும், ஊர்க் கணக்கனோடு பேச வேண்டும். அவர்களிடம் கம்பராமாயணத்தைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? தமிழில் இலக்கியம் கடலாக இருந்தது. எளிதாகப் படிக்கத்தக்க உரைநடைதான் அரிதாக இருந்தது.

வீரமாமுனிவர் எழுதி வைத்திருந்த பரமார்த்த குரு கதை அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்தது. சென்னையில் அதிகாரியாக இருந்த பாபிங்டன் அதைத் தமிழும் ஆங்கிலமுமாக 1822-இல் லண்டனில் அச்சிட்டார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களும் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கி வந்த கதை, தமிழ்நாட்டுக்கு அச்சில் வந்தது லண்டன் வழியாகத்தான்.

அடுத்த பெரிய வேலையைச் செய்தவர் கல்லூரியின் தலைமைத் தமிழாசிரியர் தாண்டவராய முதலியார். வீரமாமுனிவரின் சதுரகராதி 1824-இல் கல்லூரி வெளியீடாக வந்தபோது, இராமச்சந்திர கவிராயரோடு சேர்ந்து அதைப் பார்வையிட்டுக் கொடுத்தவர் இவர். 1826-இல் இவருடைய பஞ்சதந்திரம் அச்சாகி வந்தது. மராத்தியிலிருந்து தமிழாக்கியது. அதே ஆண்டில் சிறு சிறு வேடிக்கைக் கதைகளைத் தொகுத்துக் கதாமஞ்சரியையும் கொடுத்தார். பிறகு வந்த தமிழ் வாசக புத்தகங்களுக்கெல்லாம் நெல்லுக் குதிர் மாதிரி இருந்தவை இந்த இரண்டு நூல்களும்.

1826 என்பது எவ்வளவு முந்திய காலம் என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். தென்னாட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்து திரும்பிய துபுவா பாதிரியார், இங்கே கிடைத்த பிரதிகளைக் கொண்டு பஞ்சதந்திரத்தைப் பிரெஞ்சில் பெயர்த்துப் பாரிசில் வெளியிட்டது அதே 1826. வடமொழிப் பஞ்சதந்திரத்தைக் கோசகார்ட்டன் ஜெர்மனியின் பான் நகரில் அச்சிட்டது 1848. அதாவது வடமொழி மூலம் அச்சேறுவதற்கு 22 ஆண்டு முன்னதாகவே தமிழ்ப் பஞ்சதந்திரம் சென்னையில் அச்சில் கிடைத்தது. பெரிய புலவர்களைப் பற்றிப் பேசும் மேடைகளில் தாண்டவராய முதலியார் பெயர் அதிகம் அடிபடுவதில்லை. தமிழ் உரைநடை நடை பழகிய காலத்தில் அதன் கையைப் பிடித்தவர்களில் அவர் ஒருவர். அவருக்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நரிக்கு நேர்ந்தது

பஞ்சதந்திரத்தின் மூலக்கதை குழந்தைக் கதை அல்ல. படிப்பு ஏறாத மூன்று ராஜகுமாரர்களை ஆறு மாதத்தில் அரசியல் தெரிந்தவர்களாக்குகிறேன் என்று விஷ்ணுசர்மா ஏற்றுக்கொண்டு சொன்ன கதைகள். மித்திரபேதம், சுகிர்லாபம், சந்திவிக்கிரகம், அர்த்தநாசம், அசம்பிரேட்சிய காரித்துவம் என்று ஐந்து தந்திரம். நட்பைக் கெடுப்பது, நட்பைச் சம்பாதிப்பது, பகையோடு உறவாடி வெல்வது, கையில் வந்ததை இழப்பது, யோசிக்காமல் செய்து கெடுவது. ஆளப் போகிறவனுக்கான பாடம். கோட்டைக் கல்லூரி மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான புத்தகம் கிடைத்திருக்காது.

முதல் தந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வியாபாரி காட்டில் விட்டுப்போன சஞ்சீவகன் என்ற எருதும், பிங்களன் என்ற சிங்கமும் உயிர்த் தோழர்களாகிவிடுகின்றன. தனக்கு மதிப்புப் போயிற்றே என்று பொறுக்காத தமனகன் என்ற நரி இருவருக்கும் நடுவில் கோள் மூட்டுகிறது. தன் தோழன் கரடகன் தடுத்தும் கேட்கவில்லை. கடைசியில் சிங்கம் எருதைக் கொன்றுவிடுகிறது. நரி மந்திரியாகவே இருக்கிறது. அதற்குத் தண்டனை இல்லை. அரண்மனை இப்படித்தான் இருக்கும், கண்ணைத் திறந்து வைத்துக்கொள் என்பதே அங்கே பாடம்.

இந்த முடிவு பலருக்குப் பொறுக்கவில்லை. பாரசீகம் வழியாகப் போன இந்த நூலை 8-ஆம் நூற்றாண்டில் அரபியில் எழுதிய இப்னு அல் முகஃபா, அந்த நரியைப் பிடித்து விசாரித்துத் தண்டிக்கும் அத்தியாயம் ஒன்றைத் தாமே சேர்த்தார். தமிழ்ப் பாடப்புத்தகக்காரர்கள் எதையும் சேர்க்கவில்லை. வெட்டினார்கள்.

சென்னைப் பாடநூல் சங்கம் ஏற்பட்டது 1820-இல். 1854-இல் உட்டின் கல்வி அறிக்கை, 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம். தேர்வில் பிள்ளைகள் தேறுவதைப் பார்த்துப் பள்ளிக்கு மானியம் கொடுக்கும் முறையும் வந்தது. அதிகாரியின் மேசைமேல் இருந்த பஞ்சதந்திரம் பிள்ளையின் மடிக்கு இறங்கியது. இறங்கும்போது என்னென்ன மாறிற்று என்பதை என் அலமாரிப் பிரதிகள் வரிசையாகக் காட்டுகின்றன.

முதலில் பெண்களைப் பற்றிய சில கதைகள் போயின. நெசவுக்காரன் மனைவிக்குத் தூது போன நாவிதச்சி மூக்கறுபட்ட கதையைப் பள்ளிப் பதிப்பில் நான் பார்த்ததில்லை. அடுத்துக் கதைக்குள் கதை என்ற கட்டு அவிழ்ந்தது. ஒவ்வொரு கதையும் தனித்தனிப் பாடமானது. தலையில் எண், காலில் 'நீதி' என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. இந்த நீதி வரி ஈசாப் புத்தகங்களின் வழக்கம். எழுத்துக் கோத்தவன் கண்ணுக்கு அது உடனே படும். கதைக்கு ஒரு எழுத்து, நீதிக்கு அதைவிடப் பெரிய எழுத்து. எது முக்கியம் என்று பிள்ளைக்குச் சொல்லாமல் சொல்லிவிடுகிறார்கள்.

கட்டு அவிழ்ந்ததால் ஆன பெரிய மாற்றத்துக்கு முயலும் சிங்கமும் கதையே சாட்சி. கிணற்றில் தெரிந்த தன் நிழலைப் பார்த்துச் சிங்கம் குதித்துச் செத்த கதையை அறியாத தமிழ்ப்பிள்ளை இல்லை. பாடப்புத்தகத்தில் அதன் நீதி: புத்தி உள்ளவனே பலவான். மூல நூலில் அந்தக் கதையைச் சொல்வது யார்? அதே தமனகன்தான். எருதையும் சிங்கத்தையும் எப்படிப் பிரிக்கப்போகிறாய் என்று கரடகன் கேட்கும்போது, பலத்தால் ஆகாததை உபாயத்தால் செய்யலாம் என்று காட்டுவதற்காக அந்த நரி சொல்லும் கதை அது. ஒரு கொலைக்குத் திட்டம் போடுகிறவன் வாயிலிருந்து வருகிறது. சொல்கிறவனை எடுத்துவிட்டுக் கதையை மட்டும் வைத்தால் அதன் கூர் போய்விடுகிறது. நல்ல கதையைக் கெட்டவனும் சொல்லுவான், ஆகவே கதை சொல்கிறவன் யார் என்று பார் என்பதுதான் பஞ்சதந்திரத்தின் ஆழமான பாடம் என்று நான் நினைக்கிறேன். அந்தப் பாடத்தைத்தான் பள்ளிக்கூடம் முதலில் கைவிட்டது. இது எனக்கு வருத்தம்.

இதே சென்னையில் தெலுங்குக்காரர்களுக்கும் இதுதான் நடந்தது. பரவஸ்து சின்னய சூரி 1853-இல் எழுதிய நீதி சந்திரிகை தெலுங்கு உரைநடையின் பெருமைமிக்க நூல். நட்பைக் கெடுக்கும் கதையில் தொடங்காமல், இதோபதேசத்தின் வரிசைப்படி நட்பைச் சம்பாதிக்கும் கதையை முதலில் வைத்தார் அவர். பேரே நீதி சந்திரிகை.

மிஷன் பள்ளிகளோடு ஈசாப் தமிழுக்குள் நன்றாக வேர்விட்டது. 1858-இல் தொடங்கிய கிறிஸ்தவத் தாய்மொழிக் கல்விச் சங்கம் மலிவு விலையில் வாசக புத்தகங்களைப் போட்டது. அதன் பின்னால் இருந்த ஜான் மர்டாக், 1865-இல் தமிழில் அதுவரை அச்சான நூல்களுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார். என்னைப் போன்றவர்களுக்கு அது வழிகாட்டி. மிஷன் பாடங்களுக்கு மாற்றாக யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கி, சொந்தமாக அச்சியந்திரம் வாங்கிப் பாலபாடங்களை வெளியிட்டார். அவருடைய நான்காம் பாலபாடத்துக்கு நரியும் வேண்டியதில்லை, காக்கையும் வேண்டியதில்லை. கடவுள், அருள், கொலை, களவு என்று தலைப்பிட்டு நேரே பேசுகிறது. பிள்ளைக்கு நீதியைக் கதையில் குழைத்துக் கொடுப்பதா, நேராகக் கொடுப்பதா என்ற வழக்கில் அவர் எடுத்த நிலை தெளிவானது.

ஈசாப்பின் காகம் வாயில் வைத்திருந்தது பாலாடைக்கட்டி. சில பாடங்களில் இறைச்சித் துண்டு. நம் பிள்ளைகள் படிப்பது பாட்டி சுட்ட வடை. இதை யார் எந்த நாளில் மாற்றினார் என்று ஒரு பெயரைச் சொல்ல முடியாது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பார்த்தறியாத பண்டத்தை வைத்துக் கதை சொல்ல முடியாது என்று உணர்ந்த ஏதோ ஒரு வாத்தியார் தொடங்கி வைத்திருக்க வேண்டும். எனக்கு அது பிடித்த மாற்றம்.

20-ஆம் நூற்றாண்டுப் பிரதிகளில் மொழியே மாறுகிறது. தாண்டவராய முதலியாரின் வாக்கியம் நீளமானது; எச்சத்தின்மேல் எச்சம் ஏறி, சந்தி பிரிக்காமல், சில இடங்களில் ஒரு பக்கத்தையே பிடித்துக்கொள்ளும். பின்னால் வந்தவர்கள் அதைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக உடைத்தார்கள். சிநேகம் நட்பாயிற்று, சத்துரு பகைவனானான். சஞ்சீவகனும் பிங்களனும் பெயர் இழந்து 'ஒரு எருது', 'ஒரு சிங்கம்' என்று ஆயினர். 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் ஏதோ புலவர்களின் விவாதம் என்று நினைக்கிறவர்கள், 1910-க்கு முந்திய ஒரு வாசக புத்தகத்தையும் 1950-க்குப் பிந்திய ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த இயக்கம் நாலாம் வகுப்பு வரை வந்து சேர்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியும்.

காலம் கண்டுபிடித்தல்

முகப்புப் பக்கம் இல்லாத புத்தகத்துக்கு வயது சொல்ல வேண்டும். சேகரிப்பவனுக்கு இதுதான் முதல் வித்தை.

விலை இருந்தால் பாதி வேலை முடிந்தது. அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன்னால். நயா பைசா என்றால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில். வெறும் பைசா என்றால் அதற்குப் பின்னால். அச்சக முகவரியில் சென்னை-5 என்று இருந்தால் அநேகமாக 1972-க்கு முந்தியது; ஆறு இலக்க அஞ்சல் எண் வந்தது அந்த ஆகஸ்டில்தான். லை, னை போன்ற எழுத்துகளில் துதிக்கை மாதிரி மேலே வளைந்த கொம்பு இருந்தால் 1978-க்கு முந்திய கோப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. எங்கள் கேஸில் அந்தப் பழைய எழுத்துகளுக்குத் தனித்தனி அறை இருந்தது. அவை காலியானபோது என் விரல்களுக்கு அந்த இடம் மறக்கக் கொஞ்ச நாள் பிடித்தது.

இன்னும் பின்னால் போனால் வேறு அடையாளங்கள் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதி அச்சில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாமல் வருவதும், எகர ஏகார வேறுபாடு காட்டாமல் விடுவதும் சாதாரணம். அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்து ஹண்ட் வடித்த சீரான சிறிய எழுத்துகள் 1862-இல் வின்சுலோ அகராதியில் வந்தன. அதற்குப் பிறகு தமிழ்ப் பக்கத்தின் முகமே மாறிப்போனது.

என்னிடம் உள்ள பஞ்சதந்திரப் பிரதி ஒன்றில் முகப்பின் கீழ்ப்பாதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அச்சுக்கூடத்தின் பெயர் போய்விட்டது. 'தாது வருஷம் தை மாதம்' என்பது மட்டும் இருக்கிறது. தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். ஆகவே இது 1877 தை மாதமாகவும் இருக்கலாம், 1937 தை மாதமாகவும் இருக்கலாம். விலை அணாவில், இரண்டுக்கும் பொருந்தும். பக்க எண்ணைப் பார்த்தேன். நூற்று இருபத்தாறாம் பக்கத்தில் ௱௨௰௬ என்று இருந்தது. நூறுக்கும் பத்துக்கும் தனிக் குறி போட்டு எழுதும் பழைய முறை. சொற்களுக்கு நடுவில் இடம் விடாமல் சந்தி சேர்த்தே கோத்திருந்தார்கள். தாளை மெதுவாக வளைத்தால் வளைந்தது, ஒடியவில்லை. மரக்கூழில் செய்த 1930-களின் மலிவுத் தாள் இதற்குள் அப்பளம்போல் நொறுங்கியிருக்கும். ஆகவே 1877 என்று முடிவு செய்தேன்.

அப்படியானால் அது தாது வருஷப் பஞ்சம் நடந்துகொண்டிருந்த மாதம். சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் ஜனங்கள் கஞ்சித்தொட்டிகளைத் தேடி நடந்துகொண்டிருந்த காலம். அந்த நாளிலும் ஓர் அச்சுக்கூடத்தில் யாரோ என்னைப் போன்ற ஒருவர் நின்றுகொண்டு, குரங்கும் முதலையும் கதையை எழுத்தெழுத்தாகக் கோத்திருக்கிறார். பிழையும் அதிகமில்லை. அதே பிரதியின் ஓரங்களில் பென்சிலால் பொருள் எழுதியிருக்கிறது ஒரு பிள்ளைக் கை. 'மர்க்கடம்' என்ற சொல்லுக்கு நேரே 'கொரங்கு' என்று தான் பேசுகிறபடியே எழுதி வைத்திருக்கிறது. முயலும் சிங்கமும் கதையின் அடியில் ஒரு கிணறு. அதற்குள் பல்லைக் காட்டும் ஒரு முகம். எந்த நூலகப் பட்டியலும் இந்தக் குறிப்புகளைச் சொல்லாது. அந்தப் புத்தகத்தை ஒரு பிள்ளை எப்படிப் படித்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை.

ஏன் மிஞ்சவில்லை

அச்சான அளவுக்குப் பாடப்புத்தகம் மிஞ்சுவதில்லை. அண்ணன் படித்தது தம்பிக்கு, தம்பி படித்தது பக்கத்து வீட்டுக்கு, பிறகு பொட்டலம் கட்ட மளிகைக் கடைக்கு. பாடத்திட்டம் மாறினால் அப்படியே எடைக்கு. புலவர் வீட்டு நூலகங்களிலும் இதற்கு இடமில்லை. 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு வெளியீட்டின் பிரதியும் அரசுக்குப் போக வேண்டியிருந்தது. அதனால் சில பிரதிகள் லண்டனுக்குப் போய்ப் பிழைத்தன. பார்னெட்டும் போப்பும் 1909-இல் வெளியிட்ட பிரிட்டிஷ் மியூசியத் தமிழ் நூற்பட்டியலைப் பார்த்தால் பஞ்சதந்திரத்தின் பதிப்புகள் வரிசையாகக் கிடக்கும். நம் பிள்ளைகளின் புத்தகம் நம் ஊரில் இல்லாமல் அங்கே இருக்கிறது.

இங்கே இருந்தவற்றையும் நெருப்பு தின்றது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000-க்கு மேற்பட்ட நூல்கள் போயின என்பார்கள். சென்னையில் 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. 1900-இல் திறந்த அந்தச் செங்கல் கட்டடத்தில் பழைய புத்தகக் கடைகள் அடுக்கடுக்காக இருந்தன. வேலை முடிந்து மை கழுவாத கையோடு அங்கே போய் உட்காருவேன். கடைக்காரர்களில் ஒரு பெரியவர் எனக்காகக் கிழிந்த பாடப்புத்தகங்களைத் தனியே கட்டி வைத்திருப்பார். "இதையெல்லாம் எடுத்துப்போய் என்ன செய்யப்போற தம்பி?" என்று கேட்பார், கேட்டுக்கொண்டே அடுத்த கட்டையும் எடுத்துக் கொடுப்பார். எரிந்த பிறகு போய்ப் பார்த்தேன். அவர் இடத்தில் நனைந்த சாம்பல்தான் இருந்தது. வியாபாரிகள் பக்கத்தில் வேறு வளாகத்துக்குப் போனார்கள். புத்தகங்கள் போனது போனதுதான்.

அப்படிப்பட்ட நாட்டில் ஒரு மனிதர் தனியாகச் சேர்த்தார் என்பதை மறக்கக் கூடாது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா, அறிஞர்கள் ஒதுக்கியதையெல்லாம் பத்திரப்படுத்தினார். நோட்டீசு, அழைப்பிதழ், பாட்டுப் புத்தகம், பாடப்புத்தகம் எல்லாம். 1992-இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரம் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று தமிழ் அச்சு வரலாறு எழுதும் யாரும் அங்கே போகாமல் எழுத முடியாது. குப்பை என்று சொன்னதைச் சேர்த்தவர் ஒரு துறைக்கே ஆதாரம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

1970-இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் வந்தது. அதற்கு முன்பு தனியார் பதிப்பகங்கள் ஒவ்வொன்றும் தன் தன் வாசக புத்தகத்தைப் போட்டன. ஒரே நரிக்கதைக்கு ஊருக்கு ஒரு வடிவம் இருந்தது. அந்த வேறுபாடுகளைப் படித்து வரலாறு எழுத வேண்டுமானால் புத்தகங்கள் வேண்டும். 1950-களில் படித்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களுடைய பெட்டிகளும் பரண்களும் இன்னும் காலியாகவில்லை. பத்து ஆண்டு போனால் இதைச் சொல்ல முடியாது.

ஆகவே படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீடு மாற்றும்போதோ, பெரியவர்கள் காலமான பிறகு சாமான் ஒழிக்கும்போதோ, பழைய பாடப்புத்தகம் கண்ணில் பட்டால் எடைக்குப் போடாதீர்கள். அட்டை இல்லை, முதல் பக்கம் இல்லை என்று ஒதுக்காதீர்கள். கிழிசலில் செலோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை சில ஆண்டுகளில் தாளைத் தின்றுவிடும். வெயிலில் காய வைக்காமல் நிழலில் தூசி தட்டி, சுத்தமான வெள்ளைத் தாளில் சுற்றி, கூடவே இரண்டு துண்டு வசம்பு போட்டு வையுங்கள். ஓரத்தில் கிறுக்கியிருப்பதை அழிக்காதீர்கள். பிறகு ரோஜா முத்தையா நூலகத்துக்கோ தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கோ சொல்லுங்கள். இலங்கைப் புத்தகமானால் 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலக நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். கொடுக்க மனமில்லை என்றால் பக்கம் பக்கமாகப் படமாவது எடுக்க விடுங்கள். உங்கள் தாத்தாவும் பாட்டியும் முதன்முதலில் தாமாகப் படித்த தமிழ் அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.